சிவப்பு நூல் சுற்றிய ஊசி

அன்பு மகள் சுமியேவுக்கு,

ரயில் பனியில் புதைந்து, ஊரே மாடி ஜன்னல் வழியாக இறங்கி நடந்த ஆண்டு நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது ஒன்பது வயது. அதைச் சொல்லத்தான் எதிர்வீட்டுத் தொமொயேவை எழுத உட்கார வைத்திருக்கிறேன்.

இங்கே ஃபுகுயியில் விடாத மழை. முழங்கால் பரவாயில்லை. மனசுதான் நிலைகொள்ளவில்லை. புது வேலையிடத்தில் யாருக்கும் தெரியக் கூடாதென்று மதிய இன்சுலின் ஊசியை விட்டுவிடுகிறாயாம். மாப்பிள்ளை கேட்டதற்கு, "அதான் காப்பீட்டுல குடுக்கிறாங்களே, ஊசி எங்க ஓடிடப் போகுது?" என்று சிரித்தாயாம்.

அந்தக் காலத்தில் டாக்டர் கையால்தான் இன்சுலின். வீட்டில் போட்டால் சட்டம் ஒப்பாது, காப்பீடும் கிடையாது. அம்மா உன்னைத் தினமும் ரயிலில் டாக்டர் இசோகாயிடம் கூட்டிப் போவாள். சட்டத்தை மாற்றச் சொல்லி மனுப் போட்டோம். வீடு வீடாகக் கையெழுத்துக்குப் பதிலான பெயர் முத்திரை வாங்கப் போனவன், எழுத்தே தெரியாத நான். வெந்நீர்க் குளியல் கடை ஹருவிடம் தாளைத் தலைகீழாக நீட்டிவிட்டேன். "ஏன்யா மீன்காரரே, அமைச்சர் தலைகீழா நின்னா படிப்பாரு?" என்றாள். ஆனாலும் முத்திரையை அழுத்திக் குத்தினாள். அவள் தங்கைக்கும் உன் சர்க்கரை நோய்தான்.

பிறகு பனி வந்து ரயில் நின்றது. அதற்கு முதல் நாளே டாக்டர் ஒரு புட்டியையும் கண்ணாடி ஊசியையும் அம்மா பைக்குள் போட்டு, "நான் குடுக்கல, நீங்க வாங்கல" என்றிருந்தார். அளவு தவறக் கூடாதென்று ஊசிக் குழலின் அளவுக்கோட்டின் மேல் சிவப்பு நூல் சுற்றியிருந்தார். அம்மா ஊசியை என் கையில் கொடுத்தாள். நான் போட்டேன். நீ அழவில்லை. "அப்பா, போலீஸ் வருமா?" என்று மட்டும் கேட்டாய். "வரட்டும், முதல்ல அவங்க வாசலத் தோண்டி எடுக்கட்டும்" என்றேன். சொன்னேனே தவிர, ரயில் நின்ற பதினோரு நாளும் கதவைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

அந்தக் கோடையில் சட்டம் மாறியது. அன்று அம்மா தெருப்பக்கத்து ஜன்னலை விரியத் திறந்துவைத்து உனக்கு ஊசி போட்டாள். அந்த ஊசியையா நீ இப்போது ஒளிக்கிறாய்?

நாளை மதியம் எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொள், மகளே. போட்டதும் ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்.

அந்த மனுவில் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் ஐந்து பேர். தச்சர் தோகுமாட்சு, கால் போய்ப் பிறகு ஆளும் போனார். ஹருவின் தங்கை மிசாவோ, கண் போனவள், சட்டம் மாறிய மூன்றாம் ஆண்டு போனாள். வாத்தியார் நொகாமி. படகுக்கார யாசுஜி. அவர்களும் இல்லை. உயிரோடு இருப்பவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் அப்பா தமெகிச்சி இதை எழுதச் சொன்னது: சுமியே.