மிளகு மிஷினுக்கு எத்தனை தகப்பன்மார்?

என் அன்பிற்கும், பல வேளைகளில் என் கோபத்திற்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. அக்கா நலம். கொச்சி மட்டாஞ்சேரியில் உங்கள் தையல் மிஷின் பழுதுபார்க்கும் கடையை அவள் மூடவில்லை. நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன மிளகு மிஷினை மிதித்து, சிறு வியாபாரிகளின் மிளகைச் சுத்தம் செய்து கொடுத்து வாழ்கிறாள். அந்த மிஷினுக்கு இப்போது ஓர் ஆபத்து வந்திருக்கிறது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

சென்ற மாதம் யூதர் தெருவான ஜூ டவுனில் ஹம்சா இக்காவின் மிளகுக் கிடங்கிற்குள் ஒரு வழக்கு விஷயமாகப் போனேன். அங்கே உங்கள் மிஷின் நின்றுகொண்டிருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கால் பெடலுக்குப் பதில் மோட்டார். மற்றபடி அதே சாய்ந்த சாக்குப் பட்டை. பட்டை மேல்நோக்கி ஓட, முழு மிளகு உருண்டு கீழே வருகிறது; காம்பும் பதரும் சாக்கோடு ஒட்டிக்கொண்டு மேலே போய் மறுபுறம் விழுகின்றன.

ஒரு கம்பெனியின் விற்பனையாளர் பட்டையின் குறுக்கே ஓடிய கோணல் தையலைத் தொட்டுக் காட்டினார். "ஸாறே, இந்தத் தையல்லயாக்கும் ரகசியம் முழுக்க. எங்க எஞ்சினீயர்மார் கணக்குப் போட்டு வச்ச கோணம்."

அத்தான், அந்தத் தையல் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உங்களிடம் சாக்கு போதவில்லை. கையில் இருந்த இரண்டு கோணல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தீர்கள். ஒரே யோசனை இருவருக்குத் தற்செயலாக வரலாம். அதை நான் மறுக்கவில்லை. ஒரே சாக்குப் பற்றாக்குறையுமா வரும்?

அந்தக் கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அது ஏற்கப்பட்டு, அரசிதழிலும் வந்துவிட்டது. யாருக்கேனும் ஆட்சேபணை உண்டா என்று கேட்டுச் சில மாதம் அவகாசம் தருவார்கள். எவரும் வாய் திறக்காவிட்டால் உரிமை அவர்களுடையது. பிறகு அக்கா தன் கடையில், தன் கணவர் செய்த மிஷினை மிதிக்கவும் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இதற்கு அஞ்சித்தானே அன்று உங்களிடம் அவ்வளவு வாதாடினேன்?

கண்டுபிடித்தவர்களைப் பற்றி நீங்கள் பேசும்போது பெயரே சொல்லமாட்டீர்கள். பல்புக்காரன், போன்காரன், ரேடியோக்காரன் என்று அடுத்த தெருவில் குடியிருப்பவர்களைப் போலச் சொல்வீர்கள். நீங்கள் வியப்பீர்கள், நான் சந்தேகிப்பேன். போன்காரன் விண்ணப்பித்த அதே நாளில் இன்னொருவரும் அதே கருவிக்காக அதே அலுவலகப் படியேறினார். பல்புக்காரனுக்கு முன்பே இங்கிலாந்தில் ஒருவர் இழையை எரிய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியில்லாமல் மணி அடித்துக் காட்டிய கல்கத்தாப் பேராசிரியரை விட்டுவிட்டுப் புகழ் இத்தாலிக்குப் போயிற்று. உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியின் முனையில் கண் வைத்துத் தைக்கும் மிஷினை முதலில் செய்த அமெரிக்கர் அதைப் பதியாமல் விட்டார். பின்னால் பதிந்தவர் ஒருவர், விற்றுப் பெயர் பெற்றவர் வேறொருவர்.

ஆகவே சொன்னேன்: "முதலில் விண்ணப்பம், அப்புறம் வெளிச்சம். அதுவரை ஒரு கண்ணிலும் படக்கூடாது."

"மச்சான், நீ ஒரு கமா போடறதுக்குள்ள மிளகு சீசன் முடிஞ்சிடும்" என்றீர்கள்.

விண்ணப்பம் தயாராவதற்குள் ஆயுத பூஜை வந்தது. உலகில் வேறு எந்தக் கண்டுபிடிப்பாளரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். ஆயுதம் என்றால் பூஜையில் வைத்தாக வேண்டும். பூஜை என்றால் கதவைத் திறந்து வைத்து அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாக வேண்டும். மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை போட்டு, கடைவாசலில் நிறுத்தினீர்கள். நான் வந்து சேர்ந்தபோது ஒரு கையில் சுண்டலோடு, பெடலை மிதித்துத் தெருவுக்கே ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். "எந்தா மிஷின்!" என்று யாரோ சொல்ல, உங்கள் முகம் மலர்ந்ததை மறக்கமாட்டேன்.

ஊரறிந்த பொருளுக்குச் சட்டம் காப்புரிமை தராது. அன்றே அந்தக் கதவு உங்களுக்கு அடைபட்டது. நான் கடிந்துகொண்டேன். "சாமிக்கு முன்னால ஒளிச்சு வைக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு எனக்கும் ஓர் இலையில் சுண்டல் கொடுத்தீர்கள்.

அன்று முதல், அங்கே சுண்டல் தின்ற ஒவ்வொருவரையும் நான் ஐயத்தோடுதான் பார்த்து வருகிறேன். குறிப்பாக இருவரை. உங்கள் உருளைகளைக் கடைந்து கொடுத்த வர்க்கி மேஸ்திரி. பிறகு அவர் பட்டறைக்கு எங்கிருந்தோ புது லேத் வந்தது. அடுத்தவர் ஹம்சா இக்கா. பச்சை மிஷின் முதலில் அவர் கிடங்குக்கு வருவானேன்?

இப்போது சட்டத்தின் விசித்திரத்தைக் கேளுங்கள். திருடப்பட்டது என்று வாதிட்டால் திருடனைக் காட்ட வேண்டும். அதற்கு என்னிடம் ஐயம் இருக்கிறது, சான்று இல்லை. விண்ணப்பத்திற்கு முன்பே ஊர் கண்ட பொருள் என்று வாதிட்டால், கண்டவர்கள் வந்து சொன்னால் போதும். உங்களுக்கு அடைபட்ட அதே கதவு அவர்களுக்கும் அடைபடும். நான் திட்டிய அந்தப் பூஜையைத் தவிர அக்காவுக்கு வேறு அரண் இல்லை. கண்டவர்களோ, நான் சந்தேகித்தவர்கள்.

ஹம்சா இக்காவிடம் போனேன். சாயா வரவழைத்துவிட்டுச் சிரித்தார். "வக்கீல் ஸாறே, ரெண்டு வருஷமா என்னைக் கண்டா குடையைச் சாய்ச்சு மறைச்சுட்டுப் போவீங்க. இப்போ கள்ளன் சாட்சி ஆயிட்டான், அல்லே?"

"நான் அப்படிச் சொன்னதே இல்லை."

"சொல்லல. பார்த்தீங்க. சாயா குடிங்க, சாட்சியா ஒப்பு போடறேன்."

வர்க்கி மேஸ்திரியோ, "சுண்டல்ல தேங்காய் கம்மி, அது ஓர்மை உண்டு. பின்னே அந்த உருளை என் கைவேலையல்லே? எந்தக் கோர்ட்லயும் சொல்வேன்" என்றார். இருவரும் இவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டதும் என் சந்தேகம் கூடிற்றே தவிர, குறையவில்லை.

ஆட்சேபணை அக்காவின் பெயரில் போக வேண்டும். அவளுடைய வாக்குமூலத்தை எழுதுகையில், "அத்தானுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது?" என்று வழக்கப்படி கேட்டேன்.

"எங்கேர்ந்தா? நான் கடுகு உருட்டறதைப் பாத்துத்தான். முறத்தைச் சாய்ச்சுத் தட்டினா கடுகு உருண்டு வரும், தூசியும் துரும்பும் மேலயே நிக்கும். அன்னைக்கு என் பின்னாலயே நின்னு பாத்துட்டிருந்தாரு. நான் என்னமோ மனுசன் ஆசையாப் பாக்கறாருன்னு நெனைச்சேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், அத்தான். போன்காரனுக்குப் பின்னால் ஒருவர், பல்புக்காரனுக்குப் பின்னால் ஒருவர் என்று அத்தனை பேரையும் சந்தேகித்த நான், உங்களை மட்டும் எப்படி விட்டேன்? தெருவே கைதட்டியபோது அவள் பெயரை ஒருமுறையாவது சொன்னீர்களா? எனக்கு நினைவில்லை. அவளிடம் கேட்டேன். "சுண்டல் மட்டும் நான் பண்ணினதுன்னு சொன்னாரு" என்றாள்.

வாக்குமூலத்தில் முறத்தையும் கடுகையும் சேர்த்துவிட்டேன். வழக்கிற்கும் அது நல்லதுதான். எவ்வளவு பழைய அறிவோ அவ்வளவு பலம். மூவரும் கையொப்பமிட்டார்கள். அவற்றில் ஒன்று, நம்மைக் காட்டிக்கொடுத்தவருடையதாக இருக்கலாம். இருந்தாலும் அன்று மிஷினைக் கண்டேன் என்று அவர் சொல்வது உண்மை. எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

தீர்ப்பு எப்படி வரும் என்று நான் உறுதி கூறமாட்டேன். கூறுவது என் வழக்கமன்று. வென்றாலும் மிஷின் உங்கள் பெயரில் வராது. வேறு எவர் பெயரிலும் போகாது, அவ்வளவே. ஆனால் என் கையில் உள்ள ஒன்றுக்கு வாக்குத் தருகிறேன். வரும் ஆயுத பூஜைக்கு உங்கள் மிஷினை வாசலில் நானே நிறுத்துகிறேன், பக்கத்தில் அக்காவின் முறத்தையும் வைத்து. வருகிற ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கதவைச் சாத்தமாட்டேன்.

சுண்டலில் தேங்காய் கூடுதலாகவே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பியும், இந்த வழக்கில் அவளுடைய வக்கீலுமாகிய
உங்கள் மச்சான்