மேசைக்கு எத்தனை சொந்தம்

1974 ஜூன் 6, வியாழன்

விடாத மழை. லைப்ரரியில் என் டியூட்டி முழுக்க ஈ காக்கை இல்லை. சாயந்திரம் ரோஸம்மா வந்தாள், ஸ்பானிஷ் பாடப் புத்தகமும் கையுமாக. அம்மாவின் கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். திங்களன்று ஸ்பெயினுக்குப் போகிறாள். அங்கே வேலை.

"சேச்சி, இது நோக்கு! ஸ்பானிஷிலயும் மேசா தன்னே!"

பெரிய அகராதியை இறக்கிப் பார்த்தோம். தாய் லத்தீன், மென்ஸா. ஸ்பானிஷ் மேசாவும் போர்ச்சுகீஸ் மேசாவும் அக்கா தங்கை. போர்ச்சுகீஸ்காரி கப்பலேறி வந்து நம் மேசை ஆனாள். இந்த ஊர் மலையாளத்திலும் அவளே. சிங்களத்தில் மேசய, சுவாஹிலியில் மேஸா.

ஒரு மரச்சாமானுக்கு இத்தனை சொந்தம். எனக்குப் பாலக்காட்டில் ஓர் அண்ணா. தீபாவளிக்குக் கார்டு போடுவார்.

போவதற்குள் ரோஸம்மாவுக்கு ஒரு வேளையாவது என் கையால் சாப்பாடு போடணும். இதுவரை வீட்டுக்குள் வந்ததே இல்லை.

ஜூன் 7, வெள்ளி

கீழ் வீட்டு மாமியிடம் கேட்டேன். வீட்டுக்காரி, கேட்காமல் முடியாது.

"கிறிஸ்தவப் பொண்ணுக்கு ஆத்துக்குள்ள எலை போடப் போறியாடீ?"

"சமையலுள்ளுக்கு வரமாட்டா மாமி. முன் ரூம்ல, மேசையில."

யோசித்தாள். "மேசைன்னா சரி. ஆனதும் நன்னா எச்சல் இட்டுடு."

அப்பாடா. ஞாயிறு மத்தியானம் சாப்பிட வரச் சொல்லி ரோஸம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். வாங்க வேண்டியது: சேனை, அப்பளம், பிரதமன் பாயசத்துக்கு அரிசி அடை, வாழையிலை.

ஜூன் 8, சனி

ஒத்திகையாக மேசையில் இலை போட்டுத் தனியே சாப்பிட்டேன். முடித்ததும் கை தன் வழக்கப்படி, சாப்பிட்ட இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்துத் துடைத்து எச்சில் இட்டுவிட்டது. தரை என்று நினைப்பு! பாலிஷ் போச்சு. இலையளவுக்கு வெள்ளைத் திட்டு. அசடு.

சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. அழுதுவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

கொட்டு கொட்டென்று மழை. பன்னிரண்டாயிற்று, ஆளைக் காணோம். சாம்பார் இரண்டு தடவை சூடு பண்ணியாயிற்று. வரமாட்டாள் என்றே முடிவு கட்டினேன்.

ஒரு மணிக்கு மேல் தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். "இதெந்தா சேச்சி?" திட்டைத்தான் கேட்டாள். சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பரிமாறினேன். இலையைத் தொடவில்லை. "சேச்சியும் இரிக்கணும். எனக்கு ஒற்றைக்குச் சாப்பிட்டுப் பழக்கம் இல்லா."

விருந்தாளி எழுந்த பிறகுதான் பரிமாறினவள் சாப்பிடுவது எங்கள் வழக்கம். எதிரே எனக்கும் ஓர் இலை போட்டு உட்கார்ந்தேன். அம்மா போனபிறகு எதிரில் ஒரு முகம். அவளுக்குப் பிரதமன் இரண்டு தரம்.

நாலு மணிக்குப் போய்விட்டாள். வாசலில் கட்டிக்கொண்டாள்.

கீழேயிருந்து மாமி: "எச்சல் இட்டாச்சோடீ?"

"ஆச்சு மாமி."

இடவில்லை. இரண்டு இலையின் ஈரமும் எதிரெதிரே அப்படியே இருக்கிறது. தானாகக் காயட்டும்.