போகவர டிக்கெட்

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

என் அறையில் இருந்த வெல்டர் அண்ணன், கண் மங்கிப்போய் ஒரேயடியாக ஊரோடு போய்விட்டார். நான் கண்ணாடி போட்டுத்தான் பற்றவைக்கிறேன், பயப்படாதே. அவரை ரயிலேற்றப் போனபோது, போவதற்கு மட்டும் டிக்கெட் கேட்டேன். கவுண்டர்காரர், "போகவர எடுங்க, ஒருவழியை விட அதுதான் விலை கம்மி" என்றார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அண்ணன் சிரித்தபடி, "வராதவனுக்கு இது எதுக்குடா? நீயே வச்சுக்க" என்று, திரும்பி வரும் டிக்கெட்டை என் சட்டைப்பையில் திணித்தார்.

அவர் கட்டில் காலிதான். உன் பழைய சேலையில் தலையணை உறை ஒன்று தைத்து அனுப்பு.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. நானும் நம் ஊருக்கு விலை கேட்டேன், அம்மா. வந்து திரும்புவதுதான் மலிவாம். உன்னோடு இருந்துவிடத்தான் விலை அதிகமாம்.

உன் மகன்