பெலெடியின் பங்கு

டிசம்பர் 21
பாட்டுப் பயிற்சியில் இன்றும் மாலியாவோடு சண்டை. புருஷனின் அக்கா என்றால் என் குரலையும் அடக்க வேண்டுமா? என் புருஷன் பெலெடிக்கு இதெல்லாம் சிரிப்பு. நாளை கிறிஸ்துமஸ் மீனுக்காக ஐந்து படகுகள் பவளத்திட்டைத் தாண்டிப் போகின்றன. ஒன்றில் இவன் தனியாக. மோட்டார் இருமுகிறது என்றேன். “உன்னவிடக் கம்மியாத்தான் இருமுது” என்றான்.

டிசம்பர் 22
நாலு படகுகள் வந்துவிட்டன.

டிசம்பர் 23
தேடப் போனவர்கள் எண்ணெய் தீர்ந்து திரும்பினார்கள். நீரோட்டம் மேற்கே இழுக்கிறதாம். மேற்கே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. வானொலியில் சமோவாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். குடிக்க ஒரே ஒரு புட்டித் தண்ணீர் — நான்தானே நிரப்பினேன், இன்னொன்று ஏன் வைக்கவில்லை?

டிசம்பர் 24
நாளைக் காலை இனாதி. பிடித்து ஐஸில் வைத்த மீனையெல்லாம் கரையில் கொட்டி, வீட்டுக்கு வீடு, தலைக்கு ஒன்று என்று பங்கு வைப்பார்கள். வீட்டுப் பெயரைக் கூப்பிட்டதும் குழந்தைகள் ஓடிப்போய் அள்ளி வரும். எங்களுக்கு எப்போதும் மூன்று. நாளை இரண்டு வைத்தால்? ஊர் அவனை இல்லையென்று முடிவு கட்டிவிட்டதாகத்தானே அர்த்தம்? பயமா இருக்கு. எனக்கு மீனே வேணாம். மகள் தெலேசாவை அனுப்ப மாட்டேன்.

டிசம்பர் 25
அனுப்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மகளைப் பிடித்து மடியில் வைத்திருந்தேன். மாலியா வந்து தட்டினாள்.
“உங்க பங்கு அப்படியே கெடக்கு. நீங்க எடுக்காம ஒரு வீட்லயும் அடுப்பு மூட்டல. எந்திரிடி.”
“எத்தன மீனு கெடக்கு, அண்ணி?”
“தெரியாது. அந்தப் பக்கம் நான் திரும்பியே பாக்கல. அவன் என் தம்பி இல்லையா? எனக்கு மட்டும் பயம் இருக்காதா?”
கையைப் பிடித்துக்கொண்டு போனோம். மூன்று மீன்கள். பங்கு வைக்கும் லூயி எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அவன் பசியோட வந்து எம் பங்கு எங்கன்னு கேட்டா, நான் என்னத்தச் சொல்றது?” என்றார்.
ஒருவரையும் விடாமல் எல்லாருக்காகவும் பிறந்த பிள்ளை என்று பூசையில் பாதிரியார் சொன்னார். வருஷா வருஷம் சொல்வதுதான். இன்றுதான் காதில் விழுந்தது.

டிசம்பர் 26
அவன் மீனை உப்பிட்டுக் காயவைத்திருக்கிறேன். பூனையை விரட்டுவதே வேலை. காற்று ஏறுகிறது. பயம் போகவில்லை.

டிசம்பர் 29
சூரை மீன் பிடிக்கும் கப்பல் ஒன்று நேற்று அவனைத் தூக்கியிருக்கிறது. வானொலியில் பேசினான். மழைத்தண்ணீர் குடித்தது, பச்சை மீன் தின்றது, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கும் பங்கு வைத்ததைச் சொன்னேன்.
“நான் இல்லாதப்பவுமா?” என்று கேட்டுவிட்டு அழுதான்.