மாடிக்கு ஒரு முடிவு

ஹைதராபாத்
15 ஜூன் 2025

அன்புள்ள செல்வி,

போனில் பேசினால் உடனே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். இங்கே ராணுவக் கல்லூரியில் என்னையும் சேர்த்து மாணவர்கள் எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். தரைப்படை, கடற்படை, அமைச்சகத்துக் கணக்கு அதிகாரிகள். ராணுவத்துக்குக் கருவிகள் வாங்கும் திட்டங்களை எப்படி நடத்துவது என்பதுதான் பாடம். பெஞ்சைவிட்டு எழும்போது முட்டி சத்தம் போடுகிறது.

நேற்று வயர்லெஸ் செட் வாங்குவதாக ஒரு பயிற்சி. படைப்பிரிவின் சார்பில் கேட்பவன் நான். எடை குறைவாக வேண்டும் என்றேன். பிறகு தண்ணீரில் விழுந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்றேன். அப்புறம் பேட்டரி. பாடம் நடத்தும் கர்னல், "இவர் கேட்பதை நிறுத்தும்வரை எல்லையில் நிற்பவன் கையில் பழைய செட்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

நம் லாட்ஜ் மாடியில் அறைகளுக்குப் பதில் பெரிய ஹாலாகப் போட்டால் சபரிமலை சீசனுக்கு உதவும். கொத்தனாரிடம் சொல்லிவிடு. டிசம்பரில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

உன் ஜஸ்டின்

குற்றாலம்
6 ஜூலை 2025

அன்பு அத்தானுக்கு,

சாரல் நன்றாக இருக்கிறது. ஐந்தருவி ரோட்டில் நடக்க இடமில்லை. கீழ்த்தளம் நிறைந்துவிட்டதால் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். மாடியில் தூண்கள் மட்டும் நனைந்துகொண்டு நிற்கின்றன. முதலில் டபுள் ரூம் என்றீர்கள். பிறகு ஏசி, பிறகு சமையலறையோடு. இப்போது ஹால். கொத்தனார் ஆறுமுகநயினார், "யம்மா, ஒங்க வீட்டுக்காரரு ஒரு முடிவுக்கு வரட்டும். அதுவரைக்கும் நான் இலஞ்சில ஒரு வீட்டு வேலையப் பாக்கேன்" என்று போய்விட்டார்.

பார்க்கிறவர்களெல்லாம் "அண்ணாச்சி எப்பம் வருதாவ?" என்று கேட்கிறார்கள். டிசம்பர் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன வருஷமும் அதைத்தான் சொன்னேன். அப்பா விட்டுப்போன லாட்ஜை ஒற்றை ஆளாகப் பார்க்க எனக்கு அலுத்துவிட்டது அத்தான். மாடி எப்படியும் இருக்கட்டும். நீங்கள் வருவீர்களா, அதை மட்டும் எழுதுங்கள்.

செல்வி

ஹைதராபாத்
2 ஆகஸ்ட் 2025

என் செல்விக்கு,

கோபப்படாமல் படி. உண்மையாகவே ஒரு வயர்லெஸ் திட்டம் வருகிறது. அதை என்னிடம் தருகிறார்கள். வழக்கமாகத் திட்டம் பாதியில் இருக்கும்போதே அதிகாரிக்கு மாற்றல் வந்துவிடும், புதிதாக வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அதனால் இந்த முறை, செட் படைவீரர் கைக்குப் போகும்வரை பொறுப்பாளர் நகரக்கூடாது என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

விட மனசு வரவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் நான் தொடங்கிய எதையும் இருந்து முடித்ததில்லை. இரண்டு வருஷத்தில் முடித்துவிடலாம். அதுவரை மாடியை அப்படியே வைத்திரு, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் ஹாலும் சரிப்படாது.

நீ சரி என்றால்தான் கையெழுத்து.

ஜஸ்டின்

குற்றாலம்
20 ஆகஸ்ட் 2025

அத்தான்,

கோபமில்லை என்று எழுதினால் பொய். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். ஆத்திரம் அடங்கிய பிறகுதான் யோசித்தேன்.

கையெழுத்துப் போடுங்கள். எல்லை மலையில் நிற்கிற பிள்ளைகளுக்கு நல்ல கருவி போய்ச் சேரட்டும். நீங்கள் எதையாவது முடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு வருஷம் என்று எழுதாதீர்கள். உங்களுக்கே தெரியாத தேதியை நம்பி ஊரில் எல்லோருக்கும் பதில் சொன்னது போதும். இனி யாராவது கேட்டால், அவர் வரமாட்டார் என்று சொல்லப்போகிறேன்.

ஆறுமுகநயினாரைத் திரும்பக் கூப்பிட்டேன். "அண்ணாச்சிட்ட கேட்டாச்சாம்மா?" என்றார். "நான்தான் சொல்லுதேன், போடுங்க" என்றேன். இரண்டு நாள் மழை விட்டதில் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. எல்லாமே டபுள் ரூம். உமாதேவி என்று ஒரு பெண்ணை மேனேஜராக வைத்துக்கொண்டேன், கெட்டிக்காரி.

லீவு கிடைத்தால் வாருங்கள். சீசன் நேரமென்றால் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் ரூம் இருக்காது.

முத்துசெல்வி