அண்ணனின் கனத்த சப்பாத்து

வியாழன், நவம்பர் 1981

அண்ணன் காலில் போட்டிருந்த கனத்த சப்பாத்தில் சேறும் புல்லும் ஒட்டியிருந்தன. கேட்டதற்குச் சிரித்தான்.

“துரையோட புது ஸ்போர்ட்ஸ் கார், மெர்போக் வளைவுல வழுக்கிக் கால்வாய் ஓரம் போயிருச்சு. பழைய கார ஏறி மிதிச்சு, எஞ்சின் கத்தினாத்தான் இழுவை வரும். இது தொட்டாலே பாயுது லா.”

துரையின் டிரைவராக நாலு வருஷம் பழைய காரையே மிதித்துப் பழகிய கால். நாளை துரையம்மாவையும் கைக்குழந்தையையும் அதே வழியில் கூட்டிப்போகிறான். மழை விடவில்லை. வெறுங்காலோடு ஓட்டினால் மிதிக்கிற அளவு காலுக்குத் தெரியும் என்று அவனே முன்பு சொன்னதுதான். அதையே நான் சொன்னால், “நீ எப்ப லைசென்ஸ் எடுத்தே?” என்பான்.

அவனிடம் வேறு சப்பாத்து இல்லை. இந்த மழையில் ஈரம் விடிவதற்குள் காயாது. அவன் குளிக்கப் போனதும், சேற்றைக் கழுவும் சாக்கில் சப்பாத்தை வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தேன்.