மீன் தொட்டி பிளக்கை மாட்டிவிடாதீர்கள்

சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருக்கிறேன். எனக்கு இன்று மாலை ஷிப்ட். மீன் தொட்டி பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன், அப்படியே இருக்கட்டும்.

காலையில் வயர்மேன் வந்தார். நான்தான் கூப்பிட்டேன். தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது என்று மூன்று மாதமாகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ரப்பர் செருப்போடு வந்து நின்று கையை விட்டுப் பார்த்தீர்கள். "எனக்கு ஒண்ணும் அடிக்கலியே, எல்லாம் உன் பிரமை" என்றீர்கள். உங்கள் அக்காவிடம் சொல்லிச் சிரித்தது வேறு. நான் வீடு துடைத்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றுதான் தொட்டி கழுவுகிறேன் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஹீட்டர் கண்ணாடியில் விரிசலாம், கரண்ட் தண்ணீரில் இறங்குகிறதாம். பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எர்த் பின்னை யாரும்மா வெட்டினது?" என்று கேட்டார். ஓட்டையில் நுழையவில்லை என்று கத்தியால் அறுத்தது நீங்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். உங்கள் மானத்தையும் நான்தானே காப்பாற்ற வேண்டும்.

நாலு மணிக்குப் புது ஹீட்டரோடு வருவார். வீட்டில் இருங்கள். மெயின் பெட்டிச் சாவி அலமாரி மேல் இருக்கிறது.

காலையில் தண்ணீரில் வைத்த டெஸ்டரில் விளக்கு எரிந்ததும், "நீங்க சொன்னது சரிதாம்மா" என்றார். இந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல வெளியாள் வர வேண்டியிருந்தது.

அப்புறம், மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைத்தான் கேட்பீர்கள்.